நல்ல ஆபீசர் வந்தா மட்டும் மாத்திரை வந்துடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல தலைமைப்பண்பு பத்தி முழுப்பக்கத்துக்கு ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க, படிச்சேன். துணிச்சலா முடிவெடுக்கணும், கூட இருக்கறவங்கள அரவணைச்சுப் போகணும், தொலைநோக்கு வேணும்னு எல்லாம் சொல்லி நாலஞ்சு கலெக்டருங்க போட்டோவும் இருந்துச்சு. நல்லாத்தான் எழுதியிருந்தாங்க. ஆனா கவர்மெண்ட் ஆஸ்பத்திரி மருந்து கவுண்டர்லயே காலத்தை ஓட்டி ரிட்டயர் ஆனவன் நான், எனக்கு அதுல ஒரு சங்கதி விட்டுப்போன மாதிரி தோணுச்சு. ஒரு நல்ல ஆபீசர் வர்றாரு, எல்லாம் சரியாகுது, அவரை டிரான்ஸ்பர் பண்றாங்க, திரும்பவும் பழைய குருடி கதவைத் திறடின்னு ஆயிடுது, இதை எத்தனை ஊர்ல பாத்தாச்சு. அவரு போனதுக்கப்புறமும் ஓடுற மாதிரி எதையாவது வச்சிட்டுப் போனாரான்னு யாரும் கேக்கறதில்ல. அதுக்கு நம்ம ஊர்லயே ஒரு உதாரணம் இருக்கு, அதைப்பத்தி ஒரு வரி கூட அந்தக் கட்டுரையில இல்ல, அதான் எழுதறேன், கொஞ்சம் நீளமா போனா வெட்டிக்கோங்க.

நான் சொல்றது தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம், கவர்மெண்ட் ஆஸ்பத்திரிங்களுக்கு மருந்து வாங்கித் தர்ற அரசு கம்பெனி. ஆஸ்பத்திரிக்காரங்க டிஎன்எம்எஸ்சின்னு சொல்லுவோம். 1994ல கம்பெனியா பதிவு பண்ணி, 1995 ஜனவரியில இருந்து மருந்து சப்ளைய ஆரம்பிச்சாங்க, எழும்பூர் பாந்தியன் ரோட்டுல ஆபீஸ். வெளியில நிறைய பேருக்கு இந்தப் பேரே தெரியாது, ஆனா கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில ஒரு பாராசிட்டமால் வாங்கிப் போட்டவங்க எல்லாரும் அதோட வேலையத்தான் முழுங்கியிருக்காங்க.

அதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு இப்ப வேலைக்கு வர்ற புள்ளைங்களுக்குச் சொன்னா நம்பமாட்டாங்க. மாத்திரையெல்லாம் ஆயிரம் ஆயிரமா டின்னுல வரும், உதிரியா, கையால எண்ணி பேப்பர்ல மடிச்சுத் தரணும், மழைக்காலத்துல டின்ன தொறந்தா மாத்திரை பொரிஞ்சு போய் பொடியா கிடக்கும். அது கூடப் பரவால்ல. பெரிய தலைவலி எது எப்ப வரும்னே தெரியாததுதான். ரேட் மட்டும் மேல பேசி முடிச்சிடுவாங்க, ஆர்டர் நாம போடணும், கம்பெனிக்காரன் பெரிய ஆஸ்பத்திரிக்கு முதல்ல அனுப்புவான், எங்கள மாதிரி ஊர்க்கோடியில இருக்கறவங்களுக்கு தோணுனா அனுப்புவான். கவர்மெண்ட் பணம் லேட்டாத்தான் வரும்னு தெரிஞ்சு நல்ல கம்பெனிங்க பாதி பேரு இந்தப் பக்கமே வரமாட்டாங்க. மார்ச் மாசம் ஆச்சுன்னா ஃபண்டு லேப்ஸ் ஆயிடுமேன்னு கண்ணுல பட்டதெல்லாம் வாங்கிக் குமிப்பாங்க. ஒரு பக்கம் காய்ச்சல் மாத்திரை இல்ல, இன்னொரு பக்கம் எவனும் கேக்காத ஒரு மருந்து பீரோ நிறைய எக்ஸ்பைரி ஆகிக் கிடக்கும்.

இதுல வேடிக்கை என்னன்னா அப்பவும் நல்ல டாக்டருங்க இருந்தாங்க, நல்ல ஆபீசருங்களும் இருந்தாங்க, எல்லாரும் சேர்ந்து மீட்டிங்கும் போட்டாங்க. மருந்து வரல அவ்வளவுதான்.

1995க்கு அப்புறம் என்ன மாறுச்சுன்னு கேட்டா சென்ட்ரலைஸ் பண்ணாங்க, கம்ப்யூட்டர் வச்சாங்கன்னு ஒரு வரியில சொல்லிட்டுப் போயிடுவாங்க. பாதிதான் உண்மை. அப்ப சுகாதாரத்துறையில இருந்த பூர்ணலிங்கம் ஐஏஎஸ்ஸும் அவரு கூட இருந்தவங்களும் போட்ட கணக்கு வேற. எந்த முடிவை யாரு எடுக்கணும்னு ஒண்ணொண்ணா பிரிச்சுப் போட்டுட்டாங்க. எந்தெந்த மருந்து வேணும்ங்கறது டாக்டருங்க கமிட்டி முடிவு, அவங்க பல துறைக்காரங்க உக்காந்து அத்தியாவசிய மருந்து லிஸ்ட்டுன்னு ஒண்ணு போடுவாங்க, ஆரம்ப காலத்துல இருநூத்துச் சொச்சம் ஐட்டம்தான், எல்லாம் கம்பெனி பேரு இல்லாம மருந்துப் பேருல. என்ன விலைக்கு யாருகிட்ட வாங்கறதுங்கறது கழகத்தோட வேலை, அதுவும் ஓப்பன் டெண்டர், ஏஜென்ட் டீலர் எல்லாம் கிடையாது, தயாரிக்கறவன் நேரா வரணும், முதல்ல தரம் பாக்கற கவர், அதுல தேறுனாத்தான் ரேட் கவர பிரிப்பாங்க. தரம் சரியாங்கறது இவங்க ரெண்டு பேரு கையிலயும் இல்ல, லேப் கையில. எவ்வளவு வேணும்ங்கறது மட்டும் எங்க கையில, அதாவது ஆஸ்பத்திரி கையில. ஒருத்தரு வேலையில இன்னொருத்தரு மூக்க நுழைக்க முடியாது.

டிபார்ட்மெண்ட்டுக்குள்ள இருந்தவங்களுக்குத்தான் இது எவ்வளவு பெரிய விஷயம்னு தெரியும். முன்னாடியெல்லாம் மருந்த தேர்வு பண்றது, விலை பேசறது, சரக்க டெஸ்ட் பண்றது, பில் பாஸ் பண்றதுன்னு எல்லாம் சுத்திச் சுத்தி அதே நாலு மேசைக்குத்தான் போகும். அந்த நாலு பேரும் யோக்கியமா இருந்தா தப்பிச்சோம், இல்லாட்டி இல்ல.

எனக்கு ரொம்பப் புடிச்சது பாஸ்புக். பேங்க் பாஸ்புக் மாதிரியேதான் இருக்கும். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் வருஷத்துக்கு இவ்வளவு ரூபாய்க்கு மருந்துன்னு ஒரு தொகை ஒதுக்கி மேல எழுதிடுவாங்க. நாம கழகத்தோட மாவட்ட வேர்ஹவுசுக்கு, அதாவது மருந்து குடோனுக்கு, இன்டென்ட்டுன்னு தேவைப் பட்டியல் போட்டு எடுக்க எடுக்க, என்ன மருந்து, எத்தனை, என்ன விலைன்னு பதிஞ்சு கழிச்சுக்கிட்டே வருவாங்க, மிச்சம் எவ்வளவுன்னு ஒவ்வொரு வரி கடைசியிலயும் தெரியும். அவ்வளவுதான், ஒரு நோட்டு. ஆனா அந்த நோட்டு வந்த அன்னைக்கே ஆளுங்க மாறிட்டாங்க சார். அதுக்கு முன்னாடி அம்பது பாட்டில் வேணும்னா நூறு கேப்போம், எப்படியும் பாதியத்தான் தருவாங்கன்னு. மேல இருக்கறவனுக்கும் தெரியும் இவன் ரெண்டு மடங்கு கேக்கறான்னு, அதனால பாதியா வெட்டுவான். ரெண்டு பக்கமும் பொய் சொல்லிக்கிட்டு கணக்கு எழுதினோம், இதுல எங்கேர்ந்து பிளானிங் வரும். பாஸ்புக் வந்ததும் ஒரு பாட்டில் அதிகமா எடுத்தா நம்ம காசுதான் போகுது, வருஷக் கடைசியில கையைப் பிசையப் போறது நாமதான்னு ஆயிடுச்சு. யாரும் வந்து கிளாஸ் எடுக்கல, ஒழுக்கம் பத்தி லெக்சர் குடுக்கல, தானா சரியாச்சு.

இன்டென்ட் போடற நாளு எங்க ஆஸ்பத்திரியில எப்படி இருக்கும்னு சொல்றேன். பாஸ்புக்க மேசையில விரிச்சு வச்சு நான் உக்காந்திருப்பேன், பெரிய டாக்டர் ஓபி முடிச்சிட்டு வருவாரு, வார்டு சிஸ்டர் கையில ஒரு துண்டுச்சீட்டோட வருவாங்க. டாக்டரு புதுசா வந்த ஆன்டிபயாடிக் ஒண்ணை இருநூறு குப்பி எழுதும்பாரு. சிஸ்டர் சத்தமே இல்லாம, சார் போன தடவை எடுத்ததுல பாதி அப்படியே இருக்கு, குளுக்கோஸ் ஏத்தற ஐவி செட்டுதான் நாளைக்கே தீந்துடும்பாங்க. நான் மிச்சத் தொகைய காட்டுவேன், ஏஎஸ்வி, அதான் பாம்பு விஷத்துக்குப் போடற ஊசி, அது வேற எடுத்தாகணும் சார், மழை ஆரம்பிச்சா பாம்புக்கடி வரும், அது வெல கூட. டாக்டரு கொஞ்ச நேரம் மோட்டுவளையப் பாத்துட்டு, சரி அதை அம்பதா போடுய்யாம்பாரு. பத்து நிமிஷம்தான். ஆனா மூணு பேருக்கும் தெரிஞ்ச மூணு வெவ்வேற விஷயம் அந்த மேசைக்கு வந்துருச்சு, ஏன்னா நடுவுல மாத்த முடியாத ஒரு நம்பர் இருந்துச்சு. டாக்டருதான் பெரியவரு, கையெழுத்தும் அவருதுதான், அதுல மாத்தமே இல்ல, ஆனா சிஸ்டர் வாயத் தொறந்து சொல்றதுக்கு அந்த நோட்டு ஒரு இடம் குடுத்துச்சு. சாதாரண நாள்ல ஒரு வார்டு சிஸ்டர் பெரிய டாக்டர்கிட்ட உங்க மருந்து தேங்கிக் கிடக்குன்னு சொல்லிட முடியுமா, நீங்களே சொல்லுங்க.

இன்னொரு சூட்சுமம் லோக்கல் பர்ச்சேஸ். ஒதுக்குற காசுல 90 சதவீதம் வேர்ஹவுஸ்லதான் எடுக்கணும், 10 சதவீதம் மட்டும் ஆஸ்பத்திரியே அவசரத்துக்கு வெளியில வாங்கிக்கலாம். பல பேரு இதை ஏதோ சலுகைன்னு நினைப்பாங்க. இந்தப் பத்து இல்லாட்டி அந்தத் தொண்ணூறு நிக்காதுங்கறதுதான் என் அனுபவம். லிஸ்ட்டுல இல்லாத மருந்து ஒண்ணு ஒரு பேஷண்ட்டுக்கு உசிருக்கு வேணும்னு வர்றப்ப, ரூல்ல வழி இல்லன்னு சொன்னீங்கன்னா ஜனங்க ரூலையே உடைச்சிடுவாங்க, அப்புறம் உடைக்கறதே பழக்கமாயிடும். சின்னதா ஒரு ஜன்னல் வச்சிட்டா பெரிய கதவ யாரும் ஒடைக்கறதில்ல.

தர சோதனை பத்தியும் சொல்லணும், ஏன்னா இதுலதான் ஜனங்களுக்கு கோவம் அதிகமா வரும். சரக்கு வேர்ஹவுசுக்கு வந்து இறங்கியிருக்கும், ஆனா எங்களுக்குத் தரமாட்டாங்க. ஒவ்வொரு பேட்ச்லயும் சாம்பிள் எடுத்து, கம்பெனி பேரு தெரியாம மறைச்சு, ஒரு கோடு நம்பர் மட்டும் போட்டு லேபுக்கு அனுப்புவாங்க, எவன் சரக்குன்னு லேப்காரனுக்கே தெரியாது. ரிசல்ட் வந்து பாஸ் ஆனாத்தான் வெளிய விடுவாங்க, கம்பெனிக்குக் காசும் அதுக்கப்புறம்தான். அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கறத கண்ணால பாத்துட்டு வந்த ஒரு கவுன்சிலர் எங்க ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு, குடோன்ல இருக்கு குடுக்க மாட்றானுவன்னு ஒரே சத்தம். அவரு கோவம் நியாயம்தான், கவுண்டர்ல ஜனம் நிக்குது. ஆனா அந்த நேரத்துல எந்த ஆபீசராவது துணிச்சலா முடிவெடுக்கறேன்னு ரிசல்ட் வரதுக்குள்ள பெட்டிய பிரிக்கச் சொல்லியிருந்தா, உங்க கட்டுரைப்படி அவருதான் ஹீரோ. என் கணக்குல அவருதான் முதல் ஆபத்து. அப்படிப் பிரிக்க முடியாம கட்டிப்போட்டு வச்சாங்க பாருங்க, அதைத்தான் நான் தலைமைன்னு சொல்லுவேன்.

எல்லாம் சொர்க்கம்னு சொல்ல வரல. மிச்சம் புடிக்கற புத்தியில சில இடத்துல வெல கூடுன மருந்தையே எடுக்காம, கேஸ் வந்தா ஜிஎச்சுக்கு ரெஃபர் பண்ணிக்கலாம்னு விட்டுடுவாங்க, பாஸ்புக்குல காசு மிஞ்சும், ஆம்புலன்ஸ்ல போற பேஷண்ட்டுக்கு நேரம் மிஞ்சாது. போன வருஷம் எவ்வளவு ஓடுச்சுங்கறத வச்சு இந்த வருஷம் வாங்கறதுலயும் சிக்கல் இருக்கு. 2021 ஆகஸ்ட்ல மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பிச்சாங்களே, வீடு தேடிப் போய் சுகர், பிரஷர் மாத்திரை குடுக்கறது, அந்த மாதிரி ஒரு திட்டம் வந்துச்சுன்னா மெட்ஃபார்மின், அம்லோடிபின் எல்லாம் பழைய கணக்குக்குள்ள அடங்குமா. ஆஸ்பத்திரிக்கே வராம இருந்தவங்க அத்தனை பேரும் புதுக் கணக்கு. திட்டம் போடறவங்களும் மருந்து வாங்கறவங்களும் முன்கூட்டியே ஒரே மேசையில உக்காரணும், அறிவிப்ப டிவியில பாத்துட்டு இன்டென்ட் போட முடியாது.

கொரோனாவுக்குப் போட்ட ரெம்டெசிவிர் ஊசி சமாச்சாரம் ஞாபகம் இருக்கா. உங்க பேப்பர்லயே முதல் பக்கத்துல போட்டோ வந்துச்சு. 2021 ஏப்ரல் கடைசியில கீழ்ப்பாக்கம் மெடிக்கல் காலேஜ்ல அரசே ஒரு கவுண்டர் தொறந்து அந்த ஊசிய வித்தாங்க. பிளாக்ல கொள்ளை விலைக்கு போகுதேன்னு நல்ல எண்ணத்துல எடுத்த முடிவுதான். டாக்டர் சீட்டு, டெஸ்ட் ரிசல்ட், சிடி ஸ்கேன், ஆதார் எல்லாம் எடுத்துக்கிட்டு பேஷண்ட்டோட சொந்தக்காரங்க ராத்திரி பகலா ரோட்டுல கிடந்தாங்க, வெளியூர்ல இருந்தெல்லாம் வந்தாங்க. கூட்டம் தாங்கலன்னு மத்த பெரிய ஊருங்கள்லயும் கவுண்டர் போட்டாங்க, சென்னையில நேரு ஸ்டேடியத்துக்கு மாத்தினாங்க, அங்க இன்னும் பெரிய கூட்டம், தொத்து வியாதி காலத்துல ஒருத்தர் மேல ஒருத்தர் இடிச்சுக்கிட்டு. கடைசியில மே 18ல இருந்து ஜனங்களுக்கு நேரா விக்கறத நிறுத்திட்டு, தனியார் ஆஸ்பத்திரிங்க ஆன்லைன்ல விவரம் பதிஞ்சு கேக்கட்டும், அவங்களுக்கே குடுத்துடறோம்னு மாத்தினாங்க. கூட்டம் போச்சு.

ஆஸ்பத்திரி இன்டென்ட் போடணும், மருந்து ஆஸ்பத்திரிக்குப் போகணும், இது 1995லேர்ந்து இந்தக் கவர்மெண்ட்டுக்குத் தெரிஞ்ச வித்தைதான். ஆனா நெருக்கடி வந்ததும் கையில இருந்த அந்த வித்தைய விட்டுட்டு, ஒரு புள்ளை தன் அப்பனோட ஸ்கேன் ஃபிலிமைத் தூக்கிக்கிட்டு வரிசையில நிக்கற ஏற்பாட்டுக்குப் போயிட்டோம். எந்த பேஷண்ட்டுக்கு நெசமா வேணும்ங்கறது வார்டுல இருக்கற டாக்டருக்குத்தான் தெரியும், அந்தத் தகவலை ஒரு சொந்தக்காரன் சுமந்துக்கிட்டு வந்து நின்னா கவுண்டர்ல இருக்கறவன் என்னத்தக் கண்டு முடிவெடுப்பான், முன்னாடி நிக்கறவனுக்குக் குடுப்பான். இத்தனைக்கும் அந்த ஊசியப் போட வேணாம்னு உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பர்லயே சொல்லியிருந்துச்சு. அத்தியாவசிய மருந்து லிஸ்ட் போடற மாதிரி டாக்டருங்க கமிட்டி சொல்றத முன்னாடியே ஊரறியச் சொல்லியிருந்தா பாதி கூட்டம் குறைஞ்சிருக்கும்ங்கறது என் எண்ணம். அந்த மாசத்துல எல்லா முடிவும் தப்புன்னு சொல்லல, சென்னையில சுகாதாரத்துறை ஆபீசுங்க இருக்கற டிஎம்எஸ் வளாகத்துல வார் ரூம் போட்டு படுக்கை எங்க காலின்னு ஒரே இடத்துல பாத்தாங்க, அது உருப்படியான வேலை. அங்க எல்லா ஆஸ்பத்திரித் தகவலும் ஒரு இடத்துக்கு வந்துச்சு. கீழ்ப்பாக்கத்துல ஜனம்தான் வந்துச்சு, தகவல் வரல.

இந்த மாடலைப் பாத்து கேரளாவுல ஒரு கழகம் வந்துச்சு, ராஜஸ்தான்ல 2011ல ஆரம்பிச்சு அந்த வருஷம் அக்டோபர் 2ல இருந்து இலவச மருந்துத் திட்டம்னு பெரிய அளவுல நடத்துனாங்க. வேற சில மாநிலத்துல பேரை மட்டும் எடுத்துக்கிட்டாங்க, போர்டு மாட்டினாங்க, ஆனா ஆஸ்பத்திரி கையில பாஸ்புக்கும் குடுக்கல, கம்பெனிக்கு நேரத்துக்குக் காசும் குடுக்கல, அப்புறம் டெண்டருக்கு ஆள் வரலன்னு பொலம்பல். கட்டடமும் கம்ப்யூட்டரும் வாங்கறது சுலபம், எவ்வளவு வேணும்னு முடிவு பண்ற உரிமைய ஒரு தாலுகா ஆஸ்பத்திரிக்கு விட்டுக்குடுக்கறதுதான் மேல இருக்கறவங்களுக்கு மனசு வராது.

இப்ப உங்க கட்டுரையில சொன்ன ஒத்துழைப்புக்கு வர்றேன். எங்க பக்கத்துல ஒரு ஆஸ்பத்திரி, பேரு வேணாம். அங்க எல்லாத்துக்கும் ஒரு வாட்ஸ்அப் குரூப். மருந்துக்கு ஒண்ணு, லேபுக்கு ஒண்ணு, மாவட்ட ஆபீசோட ஒண்ணு, ரிவ்யூ மீட்டிங்குக்கு ஒண்ணு. காலையில ஏழு மணிக்கு மேலேர்ந்து ஒரு மெசேஜ் வரும், எல்லா ஸ்டாக்கும் அப்டேட் பண்ணவும்னு. உடனே நோட்டட் சார், ஓகே சார், ஷ்யூர் மேடம், நாப்பது பதில், கும்புடற கை பொம்மை வேற. ஒரு தடவை நாய்க்கடி ஊசி தீரப் போகுதுன்னு ஒரு ஃபார்மசிஸ்ட் தம்பி அந்தக் குரூப்ல போட்டிருக்கு, அது ஒரு ஆபீசர் பிறந்தநாள் வாழ்த்துக்கு நடுவுல மாட்டிக்கிச்சு, அதுக்கும் ரெண்டு பேரு நோட்டட்னு போட்டிருக்காங்க, யாரும் எதுவும் பண்ணல, ஏன்னா அதுக்கு முடிவெடுக்க வேண்டியது யாருன்னு அந்த நாப்பது பேருல ஒருத்தருக்கும் எழுதி வைக்கல. தீந்து போச்சு. அப்புறம் அந்தத் தம்பிக்கே மெமோ, ஏன் முன்கூட்டியே தெரிவிக்கலன்னு. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சிருந்தான், பொழைச்சான். இதுக்குப் பேரு ஒத்துழைப்பு இல்ல சார், பொறுப்ப நாப்பது பேரு மேல தூவி விடறது.

இந்த வருஷம் மாவட்டத்துக்கு மாவட்டம் தலைமைப்பண்புப் பயிற்சி முகாம் நடக்குதுன்னு அதே பக்கத்துல ஒரு பெட்டிச்செய்தி போட்டிருந்தீங்க. ஹோட்டல் ஹால், பிபிடி, பலூன் ஊதி கோபுரம் கட்ற விளையாட்டு. நான் சர்வீஸ்ல இருக்கறப்ப அந்த மாதிரி போயிருக்கேன், மதியச் சாப்பாடு நல்லா இருக்கும். அந்தச் செலவுக்கு ஒரு வேலை செய்யலாம்னு என் யோசனை. ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலயும் இந்த முடிவ எடுக்கறது இன்னார், அவரு இல்லாட்டி இன்னார், அவருக்குத் தகவல் தர வேண்டியது இன்னார்னு ஒரே பக்கத்துல எழுதி நோட்டீஸ் போர்டுல ஒட்டட்டும். ஆக்ஸிஜன் அளவு கொறைஞ்சா யாரு போன் பண்ணணும், லோக்கல் பர்ச்சேசுக்கு டாக்டர் லீவுல இருந்தா யாரு கையெழுத்து, பக்கத்து ஆஸ்பத்திரியில மிச்சம் கிடக்கற மருந்த வாங்கிக்க யாருகிட்ட கேக்கணும். கேக்க சாதாரணமா இருக்கும், எழுத உக்காந்தா தெரியும், முதல் மூணு கேள்விக்கே சண்டை வரும். அந்தச் சண்டை ஹாலுக்குள்ள நடந்தா நல்லது, ராத்திரி ரெண்டு மணிக்கு கேஷுவாலிட்டியில நடக்கறத விட.

உங்ககிட்டயும் ஒரு கோரிக்கை. கலெக்டர் பேட்டி போடுங்க, வேணாம்னு சொல்லல. அது கூட ஒரு தடவை உங்க நிருபரை ஏதாவது ஒரு மாவட்ட மருந்து வேர்ஹவுசுக்கு இன்டென்ட் எடுக்கற நாள்ல அனுப்புங்க. வாசல்ல ஆஸ்பத்திரி வண்டிங்க நிக்கும், உள்ள பேட்ச் நம்பர் ஒவ்வொண்ணா சொல்லிச் சொல்லி பெட்டி எடுப்பாங்க, பழைய எக்ஸ்பைரி முன்னாடி போகணும்னு அடுக்கை மாத்திக்கிட்டிருப்பாங்க, ஒரு ஃபார்மசிஸ்ட் தன் பாஸ்புக்குல மிச்சத்தைப் பாத்து மண்டையைச் சொறிஞ்சிக்கிட்டு நிப்பாரு. அவருகிட்ட பேசச் சொல்லுங்க, எந்த மருந்து வரல, ஏன் வரல, யாரு முடிவு பண்ணணும்னு அவரு வாய்விட்டுச் சொல்லுவாரு, பேரு மட்டும் போடாதீங்க.

என் பேரும் வேணாம், பென்ஷன் வாங்கறவன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு மருந்தாளுநர்,
திண்டுக்கல் மாவட்டம்.